பேரணைகளும் மீட்பர் கதையும்

பொருளாதார மந்தத்தின்போது, அதாவது உற்பத்தியும் வேலைவாய்ப்பும் நீண்டகாலம் சுருங்கிக் கிடக்கும்போது, துணிவுள்ள ஜனாதிபதி பேரணைகளைக் கட்டி நாட்டை மீட்பார் என்றும், அமெரிக்காவின் ரூஸ்வெல்ட்டும் இலங்கையின் ஜே. ஆர். ஜயவர்தனவும் அதற்குச் சான்று என்றும் வாதிடப்படுகிறது. இவ்வாதம் மூன்று இடங்களில் உடைகிறது.

முதலாவதாக, ரூஸ்வெல்ட் 1935இல் திறந்துவைத்த ஹூவர் அணைக்கு 1928இலேயே சட்ட அனுமதி கிடைத்து, அவர் பதவியேற்குமுன் 1931இலேயே வேலை தொடங்கியிருந்தது. அணை எழுந்த பின்னரும் 1937இல் அமெரிக்கப் பொருளாதாரம் மீண்டும் சரிந்தது.

இரண்டாவதாக, முப்பது ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட மகாவலி ஆற்று அணைத் திட்டம் ஜயவர்தனவின் ஆட்சியில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குள் சுருக்கப்பட்டபோது, விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும் கொத்மலைக்குச் சுவீடனும் நிதி வழங்கின. 1980இல் பணவீக்கம் 26 சதவீதத்தை எட்டியது. இதில் மீட்பு எங்கே?

மூன்றாவதாக, கரையோரம் இவ்வாறு வாதிடுவோரின் கணக்கில் இல்லவே இல்லை. புத்தளம் களப்பு, அதாவது கடலோடு குறுகிய வாயால் இணைந்த உவர்நீர்ப் பரப்பு, வறண்ட காலநிலையில் பெருமளவு நீரை ஆவியாக இழப்பதால், மீ ஓயா, கலா ஓயா ஆகிய ஆறுகள் கொண்டுவரும் நன்னீரே அதன் உப்புச்செறிவைத் தணிக்கிறது. மீ ஓயாவின் குறுக்கே இங்கினிமிட்டிய நீர்த்தேக்கம் எழுந்து அந்த நீர்வரத்தைக் குறைத்தால், கண்டல் காடுகளுக்கும் இறால், மீன் குஞ்சுகளுக்கும் நேரும் கேட்டை எந்தத் திட்ட அறிக்கையின் இலாபம் ஈடுசெய்யும்? கடலைச் சேரும் ஆற்றுநீர் வீண் என்போர் களப்பு மீனவரின் வாழ்வாதாரத்தையே வீண் என்கின்றனர். இந்தக் கேட்டை அணைகளின் நீர்மின்சாரம் ஈடுசெய்யும் என்பாரும் உண்டு; ஆனால் அணைகளே மின்தேவைக்குப் போதுமெனில், 1996இல் வறட்சியால் நாடு நீண்ட மின்வெட்டில் மூழ்கியதும், 2011 முதல் இதே கரையில், நுரைச்சோலையில், 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டங்கட்டமாக இயங்கத் தொடங்கியதும் ஏன்?