எட்வின் ஜாக்சனை வித்தது யாரு?

அமெரிக்க பேஸ்பால்ல எட்வின் ஜாக்சன்னு ஒரு பிட்சர். அதாவது பந்து எறியறவர், நம்ம பௌலர் மாதிரி. 2003-லேர்ந்து 2019 வரைக்கும் 14 மேஜர் லீக் டீமுக்கு ஆடினார். அது சாதனை. ஆனா பேரைச் சொன்னாலே "நாடோடி, எங்கயும் நிலைக்காத ஆளு"ன்னு ஒரு நக்கல்.

ஏன் சாமி, அவரா பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினாரு? கடைசிப் பாதியில சில டீமுக்கு காண்ட்ராக்ட் போட்டு அவரே போனார், ஒத்துக்கறேன். முன்பாதியைப் பாருங்க. 2010 ஜூன் 25, அரிசோனாவுக்காக 149 பந்து எறிஞ்சு, எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் குடுக்காம ஜெயிச்சார். (எட்டு வாக் குடுத்தார், அது தனிக்கதை.) எதிரணி? 2008-ல அவரைக் கைமாத்திவிட்ட அதே டாம்பா பே! இதுக்குக் கிடைச்ச பரிசு, 35-வது நாள் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குத் தள்ளிவிட்டாங்க. 2011 ஜூலை 27-ல ஒரே நாள்ல டொரண்டோவுக்கு, உடனே அங்கேர்ந்து செயின்ட் லூயிஸுக்கு. செயின்ட் லூயிஸ் அந்த வருஷம் உலகத் தொடரே ஜெயிச்சுது. 2019-ல ஓக்லண்ட்கிட்ட காசு குடுத்து அவரைத் திரும்ப வாங்கின 14-வது டீம் எது தெரியுமா? டொரண்டோ!

107 வெற்றி, 133 தோல்வி. 2013-ல மட்டும் 18 தோல்வி. மகா பிட்சர்னு யாரு சொன்னா? ஆனா 17 சீசன் எந்த ஓனர் சும்மா சம்பளம் குடுப்பான்?

வாங்கி வாங்கி வித்தவங்களுக்கு என்ன பட்டப்பேரு வெச்சிருக்கீங்க மக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க.