மண்ணுக்கடியில் ஒரு பண்டமாற்று!

காசில்லாமல், கையெழுத்தில்லாமல் நடக்கும் வியாபாரம் உண்டா? உண்டு, செடியின் வேரில்! இந்த வேர்ப்பூஞ்சைக் கூட்டணிக்கு 1885ல் மைக்கோரைசா என்று பெயர் வைத்தவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஃபிராங்க்.

மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேர் நுழையாத இடுக்கிலும் பூஞ்சை இழை நுழைந்து அதை எடுத்து வரும். கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கும். மக்காச்சோளம், வெங்காயம் எல்லாம் இந்தக் கூட்டணிதான். முட்டைக்கோஸ், கடுகு சேர்வதில்லை.

மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால்? சும்மா கிடைக்கும்போது கூலி எதற்கு என்று செடி கூட்டாளியைக் கழற்றிவிடும். அப்புறம் அந்த வேலையையும் உர மூட்டைதான் செய்ய வேண்டும். செலவு விவசாயி தலையில்!

உரமே வேண்டாம் என்பதல்ல வாதம். மண்ணைப் பரிசோதித்து, குறைகிற அளவு மட்டும் போட்டால் போதும். சர்க்கரைக்கு உழைக்கும் கூட்டாளியை விரட்டிவிட்டு அதே வேலைக்குக் காசு கொடுப்பது எந்தக் கணக்கில் லாபம்?