அட்வுட் தெரியும்... அடுத்து யார்? கனடா புத்தகங்களைத் தேடிப் பிடிக்க ஒரு வழி

கனடா எழுத்தாளர் ஒருத்தர் பேரைச் சொல்லுங்க என்று கேட்டால், பலரும் மார்கரெட் அட்வுட் என்பார்கள். சிலர், 2013-ல் நோபல் பரிசு பெற்ற ஆலிஸ் மன்றோவைச் சொல்வார்கள். அதோட சரி. அதுக்கு அப்புறம்?

ஏன் இந்த நிலை?

கனடாவின் பக்கத்து வீடு அமெரிக்கா. இரண்டு நாட்டிலும் பெரும்பாலானவர்கள் படிப்பது ஆங்கிலத்தில். அமெரிக்கப் பதிப்பகங்களின் விளம்பர வெளிச்சத்தில், புதிதாக எழுத வரும் கனடாக்காரர் சொந்த ஊர் புத்தகக் கடையிலேயே கண்ணில் படாமல் போகலாம். அதனால்தான் புத்தகத்தை வாசகரிடம் கொண்டுசேர்க்க அங்கே தனியாக மெனக்கெடுகிறார்கள்.

என்ன செய்கிறார்கள்?

பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி, 2002 முதல் 'கனடா ரீட்ஸ்' நடத்துகிறது. ஐந்து பிரபலங்கள், ஆளுக்கு ஒரு புத்தகம். விவாதம் நடக்கும், ஓட்டு போடுவார்கள், ஒவ்வொரு புத்தகமாக வெளியேறும். கிட்டத்தட்ட பிக் பாஸ் எலிமினேஷன்தான்!

அடுத்தது, 1994-ல் தொடங்கிய கில்லர் பரிசு. வென்றவருக்கு 1 லட்சம் கனடா டாலர். 2020-ல் இதை வென்றவர் சுவான்கம் தம்மவோங்சா. லாவோஸ் பெற்றோருக்கு, தாய்லாந்து அகதி முகாமில் பிறந்தவர்.

அப்போ வென்றவர்களைப் படித்தால் போதுமா?

போதாது என்பதே நம் கருத்து. கில்லரையே எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்பான்சரான ஸ்கோஷியாபேங்க், இஸ்ரேலிய ஆயுத நிறுவனம் ஒன்றில் முதலீடு வைத்திருந்ததை எதிர்த்து, 2024-ல் பல எழுத்தாளர்கள் தங்கள் புத்தகங்களைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். 2025-ல் அந்த ஸ்பான்சர் உறவு முடிவுக்கு வந்தது. ஆக, அந்த வருடப் பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தப் புத்தகங்கள் கண்ணில் பட்டிருக்காது.

தோற்ற புத்தகத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2010 ஆகஸ்டில் 'எம்.வி. சன் சீ' கப்பல், சுமார் 490 ஈழத் தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியா கரையை அடைந்தது. அந்தச் சம்பவத்தின் தூண்டுதலில் ஷரன் பாலா எழுதிய நாவல் 'தி போட் பீப்பிள்'. கரை சேர்ந்ததும் தடுப்புக்காவலில் மகனைப் பிரிந்து இருக்கும் ஒரு தகப்பனின் கதை. 2018 கனடா ரீட்ஸின் ஐந்து புத்தகங்களில் ஒன்றான இது வெல்லவில்லை. வெற்றிப் பட்டியலை மட்டும் புரட்டினால், நம்மவர்களின் இந்தக் கதையே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

ஏதாவது ஒரு வருடத்தின் இறுதிப் பட்டியலை எடுங்கள். அதில் நீங்கள் கேள்விப்படாத ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். நேரம் குறைவா? தம்மவோங்சாவின் 'ஹவ் டு ப்ரோனவுன்ஸ் நைஃப்' சிறுகதைத் தொகுப்பு; பல கதைகள் ஒரு மெட்ரோ பயணத்திலேயே முடிந்துவிடும். நாவல்தான் வேணுமா? டேவிட் சாரியாண்டியின் 'பிரதர்'. கதை நடப்பது, தமிழர்கள் நிறைய வசிக்கும் டொரண்டோவின் ஸ்கார்பரோவில். உங்க சித்தப்பா, அத்தை யாராவது அங்கே இருந்தால், படித்துவிட்டு அவர்களுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.