கலையும் மறையும்: சேலை உடுத்திய தேவதாய்

"மரியன்னை நம் ஊர்ப் பெண்ணைப் போலச் சேலையுடுத்தித் தரையில் அமர்ந்திருக்கும் படமொன்றைக் கண்டேன். இது மரியாதைக் குறைவு ஆகாதா?" என்று பொன்னேரியிலிருந்து ஒரு குடும்பத் தலைவி கேட்டிருக்கிறார். இதே கேள்வி ஓர் ஓவியரை ஊர்விட்டு ஊர் போகச் செய்ததுண்டு.

அவர் ஆஞ்செலோ த பொன்சேகா. 1902-இல் கோவாவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவப் படிப்பை விட்டு ஓவியத்தை நாடினார். பம்பாயில் கற்பித்த மேனாட்டு முறை மனத்துக்கு ஒவ்வாமற்போகவே, வங்கம் சென்று அபனீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் ஆகியோரிடம் பயின்றார். நீர்வண்ணத்தைத் தாளில் பூசி, நீரால் கழுவி, மீண்டும் பூசுவது அவர்கள் வழி. வண்ணம் மேலே மினுக்காமல் தாளுக்குள் தங்கி, அந்திவெளிச்சம் போல அடங்கி ஒளிரும். அந்த அடக்கமே அவர் வரைந்த அன்னையின் முகத்திலும் குடிகொண்டது. முந்தானையைத் தலைக்கு இட்டு, வெறுங்காலுடன், குழந்தையை ஏந்தியிருப்பார் அன்னை. பழைய ஒளிவட்டத்தை மட்டும் ஓவியர் விட்டுவிடவில்லை.

கோவாவில் குருக்களும் மக்களும் முகஞ்சுளித்தனர். அவர் பூனா சென்று ஆங்கிலிக்கன் சபையாரின் ஆசிரமத்தில் தங்கி வரைந்தார். கத்தோலிக்க ஓவியருக்குப் பிற சபையார் நிழல் தந்தனர் என்பது நமக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது! எனினும் பம்பாயில் சேசு சபைக் குரு ஹென்றி ஹெராஸ் அடிகளார் அவரை ஊக்குவித்ததையும் மறைத்தலாகாது.

மேனாட்டார் மட்டும் என்ன செய்தனர்? புரூகல் 1566-இல் வரைந்த படத்தில், குடிக்கணக்குக்காகச் சூசையப்பரும் மரியாளும் வந்து சேரும் பெத்லகேம், பனி மூடிய பிளாண்டர்ஸ் கிராமமாகவே காட்சி தருகிறது. பொன்னேரி வயலில் வைக்கோல் கிடக்க, நம் வீட்டுக் குடில்களில் பஞ்சைப் பனியாகத் தூவுவது அந்த உறவால்தான் போலும்.

வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னைக்கு நாம் சேலை சாத்துகிறோம். கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையை வீரமாமுனிவர் (1680–1747) தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் அமைக்கச் செய்தார் என்பது அவ்வூர் மரபு. சுரூபத்துக்குப் பெருமை தரும் ஆடை, படத்தில் ஏறியதும் இழிவாகிவிடுமோ?

திருச்சபை எந்தக் கலைப்பாணியையும் தனக்கே உரியதென்று கொண்டதில்லை என்றும், எல்லா நாட்டுக் கலைக்கும் ஆலயத்தில் இடமுண்டு என்றும் 2-ஆம் வத்திக்கான் சங்கம் 1963-இல் அறிவித்தது. பொன்சேகா இறந்தது 1967-இல். அவருடைய ஓவியங்கள் பல இன்று கோவாவிலேயே, சேசு சபையாரின் சவேரியார் வரலாற்று ஆய்வு மையத்தில் உள்ளன.