வெள்ளையன் பூட்டு

வேல்சு இளவரசரைத் தம் மனைக்கழைத்து மகிழ்ந்த வங்கப் பெருமகனார் ஒருவரை 1876-இல் கொல்கத்தா நாடகமேடை எள்ளி நகையாடிற்று. வெள்ளையன் பொறுத்தானல்லன், அவ்வாண்டே நாடகத் தடைச்சட்டம் இயற்றினான்.

அயலான் செயலில் வியப்பில்லை. விடுதலை பெற்றுத் தந்ததாக மார்தட்டியோர் செய்ததென்ன? நடிகவேள் இராதாவின் நாடகங்களுக்கு மறுமொழி கூற வகையின்றி, 1954-இல் சென்னை மாநிலத்தில் அப்பூட்டையே துடைத்து மாட்டினர்! நாடகத்தை நாடகத்தால் மறுத்திருக்கலாமே! அதற்கு அறிவு வேண்டும். காவலரை ஏவுதற்கு அது வேண்டுவதில்லை.

முத்தமிழுள் ஒன்றாகக் கூத்தை வைத்துப் போற்றிய இனத்தின் நாடகவாசிரியன், தன் கையெழுத்துப் படியைக் காவல்துறையிடம் நீட்டி ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்தான். உவமைக்கும் உள்ளுறைக்கும் உரை காண்பது கள்வரைத் தேடுவோர் தொழிலா?

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. நாடகமேடையையே ஏணியாகக் கொண்டு 1967-இல் ஆட்சியேறியோரும், அவர்பின் வந்தோரும் அச்சட்டத்தை அகற்றினாரல்லர். ஏறியவர்க்கு ஏணி எதற்கு? எழுத்தாளர் ஞாநி வழக்குத் தொடுத்த பின்னரே, 2013-இல் சென்னை உயர்முறைமன்றம் அதன் முதன்மைப் பிரிவுகளை வெட்டி வீழ்த்திற்று.