ஓரெழுத்தும் ஓராயிரம் மடங்கும்



மாணவன் எழுதிய விடைத்தாளில் ஓரெழுத்து விடுபட்டிருப்பின் ஆசிரியன் அதனைச் சிவப்பு மையாற் சுழித்து மதிப்பெண்ணைக் குறைப்பான். முப்பதாண்டுகளாக யாமும் அதனையே செய்து வருகின்றோம். ஆயின், விடுபட்ட ஓரெழுத்திலிருந்து அறிவுலகின் புதுவாயில் ஒன்று திறந்த செய்தியும் உண்டு. அதனைத் தமிழ் மக்கள் அறிதல் வேண்டும். அறிந்தபின் தம் நிலையை எண்ணிப் பார்த்தலும் வேண்டும்.

1967ஆம் ஆண்டு. சப்பான் நாட்டின் தோக்கியோ தொழில்நுட்பப் பயிலகத்தில் இதெக்கி சிரகாவா என்னும் இளைஞர் வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அசிட்டிலீன் என்னும் வளியின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து நெடுந்தொடராக்குவது அவர்தம் பணி. இத்தகு நெடுந்தொடர்ப் பொருளையே நாம் பல்லுறுப்பி என்கின்றோம். கோக்கும் வேலையைச் செய்வது வினையூக்கி. அலுமினியத்தோடு கரிமத் தொகுதிகள் நேரே பிணைந்த கரிம உலோகச் சேர்மம் ஒன்றும் தைத்தானியச் சேர்மம் ஒன்றும் கலந்த கலவையே ஈண்டு வினையூக்கியாய் நின்றது. செருமானியர் கார்ல் சீக்லரும் இத்தாலியர் சூலியோ நாட்டாவும் வகுத்தளித்த வழி அது. அதற்கென 1963இல் அவ்விருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. நாட்டா 1958இலேயே அசிட்டிலீனைத் தொடராக்கிக் காட்டினார். எனினும், கிட்டியது கரும்பொடி. எதிலும் கரையாத, உருகாத அப்பொடியை வைத்து மேலும் ஆராய்தல் அரிதாயிருந்தது.

சிரகாவாவின் ஆய்வகத்திற்குக் கொரியாவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர், அவர் தந்த குறிப்பின்படி அசிட்டிலீனைத் தொடராக்க முயன்றார். பொடி உருவாகவில்லை, கலவையின் மேற்பரப்பில் உலோகம்போல் மின்னும் கந்தல் ஏடொன்று படர்ந்திருந்தது. ஆராய்ந்தபோது, வினையூக்கி வேண்டிய அளவினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்க்கப்பட்டிருந்தமை தெரிந்தது. ஆயிரத்திலொரு கூறு என்பதைக் குறிக்கும் ஓரெழுத்தே இவ்வளவு வேறுபாட்டிற்குக் கரணியம்! அவ்வெழுத்தைத் தாமே குறிப்பில் எழுதாது விட்டிருக்கலாம், அல்லது வந்தவர் பிழைபடப் படித்திருக்கலாம் என்று பின்னாளில் தம் நோபெல் உரையில் சிரகாவா கூறினார். பிழையைப் பிறர் தலையில் ஏற்றாத அப்பண்பை ஈண்டு நாம் போற்றுதல் வேண்டும்.

அவர் அந்த ஏட்டைக் குப்பையில் எறிந்துவிடவில்லை. அதனைக் குற்றமின்றி மீண்டும் மீண்டும் ஆக்கும் முறையை ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்டார். வெப்பநிலையை மாற்றுவதால் செம்பு நிறத்ததாகவும் வெள்ளி நிறத்ததாகவும் அது அமைதலை அறிந்தார்.

நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலன் மெக்தயார்மிடு, 1975இல் சப்பானுக்கு வந்திருந்தார். கந்தகமும் நைட்டிரசனும் கோத்த பொன்னிறப் பல்லுறுப்பி ஒன்றை அவர் ஆராய்ந்துவந்தார். தேநீர் வேளையில் ஒருவர் பொன்னிறப் பொருளைக் காட்ட, மற்றவர் வெள்ளி நிற ஏட்டைக் காட்டினார். அச்சிறு உரையாடலே சிரகாவாவை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றது. அங்கே இயற்பியலார் ஆலன் ஈகரும் உடன் சேர்ந்தார்.

1976ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள். ஏட்டின்மீது சிறிதளவு புரோமின் ஆவியைச் செலுத்தினர். அதன் மின்கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது! இதன் இயல்பு எளிது. அந்நெடுந்தொடரில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்துள்ளன. இடமெல்லாம் நிறைந்த அவையில் எவரும் நகரவியலாததுபோல், எதிர்மின்னிகள் அத்தொடரில் நகராது நிற்கும். புரோமின் சில எதிர்மின்னிகளைப் பறித்துக்கொண்டால் வெற்றிடங்கள் தோன்றும். அவற்றை நோக்கி அடுத்தடுத்தவை நகர, மின்னோட்டம் பிறக்கின்றது. அயோடினும் இவ்வாறே செய்யும்.

மின்னைத் தடுப்பதற்கென்றே கம்பிமேற் போர்த்தப்படும் நெகிழியின் இனத்தைச் சேர்ந்த பொருள், தானே மின்னைக் கடத்திற்று. 1977இல் இச்செய்தி வெளிவந்தது. காற்றுப் பட்டால் கெடுமாதலின் அம்முதற்பொருள் கடைத்தெருவுக்கு வரவில்லை. ஆயினும், அது காட்டிய வழியிற் பிறந்த பிற பல்லுறுப்பிகள் இன்று மின்தேக்கிகளிலும் நிலைமின் தடுப்புப் பூச்சுகளிலும் பயன்படுகின்றன. 1990இல் கேம்பிரிட்சு ஆய்வாளர் அவ்வினப் பொருளொன்றை ஒளியுமிழவும் செய்தனர். மூவர்க்கும் 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனி, நாம் எண்ண வேண்டுவது யாது? தக்கயாமா என்னும் மலைநகரில் வளர்ந்த சிறுவன் சிரகாவா, நடுநிலைப் பள்ளியை விட்டு நீங்குங்கால் எழுதிய கட்டுரையில், நெகிழிகளை ஆராய்ந்து மக்கட்குப் பயன்படுவனவற்றை ஆக்க வேண்டும் என்று எழுதினான். எம்மொழியில் எழுதினான்? தன் தாய்மொழியில்! அறிவியலை அடிப்படையிலிருந்தே தம் மொழியிற் பயில முடிந்தமை சப்பானின் வலிமை என்று அவரே பின்னர் எடுத்துரைத்துள்ளார்.

அவ்வலிமை வானிலிருந்து விழுந்ததன்று. உதகாவா யோவன் என்னும் அறிஞர், 1837 முதல் தம் வேதியியல் நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஐதரசனுக்கு நீரின் மூலம் எனப் பொருள்படும் 'சுயிசோ' என்னும் சொல்லையும், ஆக்சிசனுக்குப் புளிப்பின் மூலம் எனப் பொருள்படும் 'சான்சோ' என்னும் சொல்லையும் படைத்தார். சீன வேர்களைக் கடனாகப் பெற்றே அவர் அவற்றைக் கட்டினார். தம் வேரிலிருந்தே சொல்லாக்கும் ஆற்றல் வாய்ந்த தமிழுக்கு அக்கடனும் வேண்டுவதின்று!

'அவ்வாய்வை ஆங்கிலத்தில்தானே வெளியிட்டனர்?' எனச் சிலர் வினவுவர். ஆம், மறுக்கவில்லை. பிறநாட்டாரோடு உரையாட ஆங்கிலம் உதவிற்று. ஆனால் உரையாடுதற்குரிய பொருள் விளைந்த நிலம் எது? வாயிற்படி வேறு, வீட்டின் கடைக்கால் வேறு. வாயிற்படியைக் காட்டிக் கடைக்காலே வேண்டா என்பது அறியாமையன்றோ?

நாமும் பிந்தித் தொடங்கினோமல்லேம். யாழ்ப்பாணத்தில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்கரின் முயற்சியால், 1875இலேயே தமிழில் வேதியியல் நூல் அச்சேறியது. நூல் அச்சேறியும், அந்நெறியை உயர்கல்வி முற்றும் கொண்டுசெல்லாத குறை நம்முடையதே. எம் மாணவருள் வினைகளின் இயல்பைத் தமிழில் வினவினால் கண்ணொளிரச் சொல்பவன், கல்லூரிக்குச் சென்றதும் வாய்மூடி மனப்பாடம் செய்கின்றான். அவன் அறிவு குறைந்துவிடவில்லை. வினவும் துணிவைத்தான் பறிகொடுத்தான். வினவாதவன், மின்னும் கந்தல் ஏட்டைக் கண்டாலும் எறிந்துவிடுவான்.

ஆகவே, தமிழன்பர்களே! தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து நூல் செய்யுங்கள். மேடையில் மொழியை வாழ்த்துவது மட்டும் போதாது. உங்கள் இல்லத்துக் குழந்தையை, தான் எதனை ஆராய விரும்புகின்றது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதில் ஓரெழுத்து விடுபட்டிருப்பின் திருத்துங்கள்; கனவைச் சுழித்துவிடாதீர்கள்!