பத்து நாளில் எட்டு நகரமா?

கோடை விடுமுறை நெருங்கும்போது நாளிதழ்களில் ஒரு விளம்பரம் தவறாமல் இடம்பெறுகிறது. இலண்டன், பாரிஸ், பிரசெல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசேர்ன், வெனிஸ், உரோமை என எட்டு நகரங்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டு, 'பத்தே நாட்களில் ஐரோப்பா' என்று மகுடமும் சூட்டிவிடுகிறார்கள். நடுத்தரக் குடும்பங்கள் பல ஆண்டுச் சேமிப்பை எடுத்துக்கொண்டு இதன் பின்னே செல்கின்றன. திரும்பி வந்தவர்களின் இல்லங்களுக்கு மந்திரிக்கச் செல்லும்போது புகைப்படங்களைக் காட்டுகிறார்கள். "இது எந்தக் கோவில்?" என்று கேட்டால் கணவர் ஒரு நகரைச் சொல்கிறார், மனைவி வேறொன்றைச் சொல்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர்களை ஏமாற்றியது யார் என்ற கேள்விதான் எழுகிறது.

இதனை நான் வெறும் இரசனைக் குறைவு என்று தள்ளிவிட விரும்பவில்லை. உழைத்துச் சேர்த்த பொருளுக்கு ஈடாக ஒன்றும் தராத வாணிபம் இது என்பது என் துணிபு. கணக்கைக் கொண்டே பார்ப்போம்.

பத்து நாட்களில் முதல் நாளும் கடைசி நாளும் விமானத்துக்கே உரியவை. எஞ்சியிருப்பவை எட்டு நாட்கள். எட்டு நகரங்கள் என்றால் ஏழு முறை ஊர் மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திற்கும் பெட்டி கட்டுதல், அறையைக் காலி செய்தல், வண்டியில் சுமை ஏற்றுதல், நெடும்பயணம், மீண்டும் விடுதியில் வரிசையில் நின்று சாவி வாங்குதல் என்று அரை நாள் கழிகிறது. அரை நாள் என்பது தாராளமாகச் சொன்ன கணக்கு. பாரிசிலிருந்து லூசேர்ன் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். பேருந்தில் சென்றால் அந்த நாளையே மறந்துவிட வேண்டும். ஆயினும் அரை நாள் என்றே கொள்வோம். ஏழு மாற்றங்களுக்கு மூன்றரை நாட்கள் போயின. மீதி நாலரை நாட்களை எட்டு நகரங்களுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் நடமாடுவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு நகருக்கு நாலரை மணி நேரம் கிடைக்கும். அதற்குள் உணவு, கழிப்பிடம், கூட்டத்தில் காணாமற்போன மாமாவைத் தேடுதல் ஆகிய அனைத்தும் அடக்கம். வெனிசில் கண்ணாடிப் பட்டறை, லூசேர்னில் கடிகாரக் கடை என்று வழிகாட்டி அழைத்துச் செல்லும் அங்காடிகளை நான் இன்னும் கழிக்கவே இல்லை. அதே எட்டு நாட்களை இரண்டே நகரங்களில் செலவிடுபவருக்கு ஒரே ஒரு மாற்றம்தான். ஏழரை நாட்கள் முழுமையாக அவர் கையில் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. கோடையில் நம் நேரம் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளின் நேரத்தைவிட மூன்றரை மணி முந்தியது. உரோமையில் மாலை ஆறு மணி அடிக்கும்போது நம் உடலுக்கு இரவு ஒன்பதரை. அறுபது வயதைக் கடந்த பெற்றோரை அழைத்துச் செல்வோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மாலைகளில் அவர்கள் எதையும் காண்பதில்லை; நின்றபடியே உறங்குகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பேருந்து ஓட்டுநர்களுக்கென 2006-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒழுங்குமுறை ஒன்று உள்ளது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் வண்டியை நிறுத்தியாக வேண்டும். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. வாரத்தில் இரு நாட்கள் மட்டும் பத்து மணி வரை ஓட்ட அனுமதி உண்டு. நாள்தோறும் பொதுவாகப் பதினொரு மணி நேர ஓய்வும் உண்டு. மனிதன் களைப்படைகிறான் என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. ஆனால் அந்த ஓட்டுநருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஐம்பது பேரின் களைப்பைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை. அவர்கள் பணம் கொடுத்தவர்கள் அல்லவா!

நுழைவுரிமை வழங்கும் அலுவலகங்கள்கூட இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கின்றன. செங்கன் நாடுகளுக்கு விண்ணப்பிப்பவர், எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறாரோ, அல்லது எந்த நாடு அவரது பயணத்தின் முதன்மை நோக்கமோ, அந்த நாட்டின் தூதரகத்தையே அணுக வேண்டும் என்பது விதி. "உன் முதன்மையான இடம் எது?" என்று அந்தத் தாள் கேட்கிறது. பயணத்தைத் திட்டமிடும் முன் ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி அதுவே. முகவரோ அதைத் தாமே நிரப்பிவிட்டு, கையொப்பம் இடும் இடத்தை மட்டும் நமக்குக் காட்டுகிறார்.

வெனிஸ் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்துகள் அந்நகருக்குள் செல்ல இயலாது. வண்டியை விளிம்பில் நிறுத்தி, படகில் ஏற்றிப் புனித மாற்கு சதுக்கத்தில் இறக்குவார்கள். மாலையில் திரும்ப ஏற்றிச் செல்வார்கள். இரவுத் தங்கல் பெரும்பாலும் மெஸ்த்ரே என்னும் நிலப்பகுதியில். நண்பகல் நெரிசலில் மட்டும் வெனிசைக் கண்டவர் அந்நகரைக் கண்டவரல்லர். கூட்டம் வடிந்தபின், காலடி ஓசையும் நீரோசையும் மட்டும் எஞ்சும் இரவு நேரத்திலேயே அந்நகர் தன்னைக் காட்டுகிறது. தங்காமல் வந்து போவோரால் அலுத்துப்போன வெனிஸ் மாநகராட்சி, 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட சில நாட்களில் அத்தகையோரிடம் நுழைவுக் கட்டணமே வாங்கத் தொடங்கியது. ஒரு நகரமே வாய்விட்டு, "ஒன்று, தங்குங்கள், அல்லது காசு கொடுங்கள்" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது.

ஓடுகிற பயணி நகரங்களின் வார ஒழுங்குக்கும் இரையாகிறார். பாரிசின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை திறப்பதில்லை. பிளாரன்சின் உஃபீட்சிக்குத் திங்கள் விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, ஞாயிறுகளில் மூடியிருக்கும். சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு வழி அதனுள்தான். திருத்தந்தையின் பொது மறையுரை புதன்கிழமைகளில் நிகழ்வது. நான்கு நாட்கள் தங்குபவருக்கு இவை வெறும் குறிப்புகள். அரை நாள் தங்குபவருக்கோ பூட்டிய கதவுகள்.

உரோமையில் கொலோசியத்திற்குச் சற்று அப்பால் புனித கிளமெந்து ஆலயம் இருக்கிறது. அதற்குள் நுழைபவர் காண்பது பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோவில். அங்கிருந்து படியிறங்கினால் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மற்றொரு கோவில். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடங்களும், மித்ரா என்னும் தெய்வத்திற்கு வழிபாடு நடந்த ஒரு குகைக்கூடமும். அடியில் எங்கோ நீர் ஓடும் ஓசை கேட்கும். அடியிலுள்ள கோவிலை 1857-இல் அகழ்ந்து வெளிக்கொணரத் தொடங்கியவர் ஜோசப் முலூலி என்னும் அயர்லாந்து தோமினிக்கன் துறவி. அந்தப் படிகளில் ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் உரோமை எத்தகைய நகரம் என்பது, நூறு புகைப்படங்கள் சொல்லாத அளவுக்கு விளங்கிவிடும். இதுபோலவே, நவோனா சதுக்கத்தின் அருகில் பிரெஞ்சுக்காரரின் புனித லூயி ஆலயத்தில், புனித மத்தேயுவைப் பற்றிக் கரவாஜியோ தீட்டிய மூன்று ஓவியங்கள் தொங்குகின்றன. நுழைவுச் சீட்டு கிடையாது. பெட்டியில் காசு போட்டால் சிறிது நேரம் விளக்கு எரியும். அணைந்தால் மீண்டும் போட வேண்டும். எட்டு நகரப் பேருந்து இவ்விரண்டு இடங்களிலும் நிற்பதை நான் கேள்விப்பட்டதில்லை.

"வாழ்நாளில் ஒரு முறைதானே போகிறோம் சாமி, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" என்பது என்னிடம் அடிக்கடி வைக்கப்படும் வாதம். இதை நான் எள்ளி நகையாடமாட்டேன். விமானச் செலவு பெரிது. இன்னொரு வாய்ப்பு வரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் இந்த வாதம் எதிர்ப்பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. திரும்பி வர முடியாத இடத்தில்தான் நின்று பார்க்க வேண்டும். அடிக்கடி போய்வரும் வணிகருக்கு ஓர் ஊரில் அரை நாள் போதும். அடுத்த ஆண்டு மறுபாதியைப் பார்த்துக்கொள்வார். ஒரே முறை போகும் ஆசிரியருக்கும் வங்கி எழுத்தருக்கும் அந்த அரை நாளே முழுவதும் ஆகிவிடுகிறது.

திருப்பயணம் என்ற பெயரில் நம்மவர் ஏற்பாடு செய்பவையும் இதற்கு விலக்கல்ல. பாத்திமாவுக்குச் செல்வோர் லிஸ்பனில் இறங்கியதும் வடக்கே 120 கிலோமீட்டருக்கும் மேல் விரைந்துவிடுகிறார்கள். ஓரியூரில் குருதி சிந்திய அருளானந்தர் 1647-இல் பிறந்த நகரம் லிஸ்பன். பதுவைப் பதியர் எனப் போற்றப்படும் அந்தோணியார் பிறந்த நகரமும் அதுவே. இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. பதுவையிலோ, புனிதரின் கல்லறையைத் தொட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறார்கள். அதே ஊரில் ஸ்குரோவெஞ்ஞி சிற்றாலயத்தில், 1305-ஐ ஒட்டி ஜோத்தோ தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. முன்பதிவு செய்து, சிறு குழுவாக ஓர் அறையில் கால் மணி நேரம் காத்திருந்த பிறகே உள்ளே விடுவார்கள். மூச்சுக் காற்றின் ஈரம் ஓவியங்களைக் கெடுக்காமலிருக்க அந்த ஏற்பாடு. காத்திருக்க நேரமில்லாதவருக்கு அங்கே இடமில்லை.

நகரங்களின் எண்ணிக்கை மட்டுமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவே முதற்குற்றவாளி. பெல்ஜியத்தில் கெந்த் நகரிலிருந்து புரூஜ் இரயிலில் அரை மணி நேரம்தான். இரண்டையும் ஒரே அறையிலிருந்து பார்க்கலாம். வெனிசிலிருந்து பதுவையும் அவ்வாறே. உரோமையில் தங்கியவர் காலையில் புறப்பட்டு அசிசியைக் கண்டு இரவு அதே படுக்கைக்குத் திரும்பலாம். பாரிசில் தங்கியவருக்குச் சார்த்தர் பேராலயம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. பெட்டி கட்டாமல் போய்வரும் ஊர் எதையும் நம்மிடமிருந்து பறிப்பதில்லை.

சமமாகப் பங்கிடுவதும் தவறு. நகரங்கள் என்ன, சொத்துக்குப் பாகம் கேட்கும் அண்ணன் தம்பிகளா? எட்டு நாட்களில் உரோமைக்கு ஐந்தும் பிளாரன்சுக்கு மூன்றும் கொடுப்பவர் எந்த நகருக்கும் அநீதி செய்தவராகார். இடையே விரைவு இரயிலில் ஒன்றரை மணி நேரமே. ஒரு நகரில் இறங்கி மற்றொரு நகரிலிருந்து திரும்பும் வகையில் விமானச் சீட்டு எடுத்தால், வந்த வழியே மீள வேண்டிய நாளும் மிச்சம். விலையில் பெரிய வேறுபாடு இராது பல வேளைகளில். முகவர் தாமாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஊர்களுக்கும் அப்போது இடம் பிறக்கிறது. தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் 1680-இல் பிறந்தது இத்தாலியின் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே என்னும் சிற்றூரில். நம் ஞானப்பிரகாசியார், அதாவது அலோசியுஸ் கொன்சாகா, 1568-இல் பிறந்ததும் அங்கேதான். மிலான் – வெனிஸ் இரயில் பாதையில் தெசென்சானோ நிலையத்தில் இறங்கினால் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வெரோனாவில் மூன்று இரவு தங்குபவருக்கு அரை நாளில் முடிகிற காரியம்.